நன்றிக்கடன் யாருக்கு?

தஞ்சாவூர்,
9 மார்ச் 2025

அன்புள்ள சுலோசனாவுக்கு,

உன் கடிதமும், உள்ளே மடித்து வைத்திருந்த செய்தி நறுக்குகளும் முந்தாநாள் வந்து சேர்ந்தன. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பஸ் எண்கூடத் தூரத்திலிருந்தே தெரிகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதியாக இருந்தது. எனக்கு முழங்கால்தான் தொல்லை. மாடியில் இருந்த புத்தக அலமாரிகளைப் பேரன் உதவியோடு கீழே இறக்கிவிட்டேன். மாசி முடியவில்லை, அதற்குள் வெயில் சித்திரை மாதிரி காய்கிறது. மற்றபடி நலம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மூன்று வருடங்களுக்கு முன், ரஷ்யா உக்ரைன் மீது போர் தொடங்கிய வாரத்தில், தொலைபேசியில் நாம் போட்ட சண்டையை நீ மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. ஐ.நா.வில் இந்தியா ஏன் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது என்று கேட்டாய். 1971 வங்கதேசப் போரில் ரஷ்யா நமக்குத் துணை நின்றதை மறந்துவிட்டாயா என்று நான் கத்தினேன். அதன்பிறகு பல மாதங்கள் இந்தப் பேச்சையே இருவரும் எடுக்கவில்லை. இப்போது, ‘இன்னமும் அதையேதான் சொல்கிறாயா?’ என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய்.

இல்லை, சுலோ. ஏன் இல்லை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத வேண்டும்.

திருச்சி விடுதியில் வார்டன் அறை வாசலில் இருந்த அந்த ரேடியோவை நினைத்துக்கொள். டிசம்பர் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருபது பேர் தரையில் உட்கார்ந்து ஆகாசவாணிச் செய்தி கேட்டோம். அமெரிக்காவின் ஏழாவது கடற்படைக் கப்பல்கள் வங்கக்கடலை நோக்கி வருகின்றன என்று சொன்ன இரவு நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். பாதுகாப்பு கவுன்சிலில் டிசம்பர் 4, 5, 13 என மூன்று முறை சோவியத் யூனியன் வீட்டோ என்ற தடுப்பு வாக்கைப் போட்டு நம்மைக் காத்தது. டிசம்பர் 7 அன்று பொதுச்சபையில் போர் நிறுத்தம் கேட்டு 104 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்தவை 11. அந்தப் பதினொன்றில் நாம் இருந்தோம், நமக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்தார்கள். ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாளில் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்ட தலைமுறை நாம். நம் வாயில் சோவியத் என்பதும் ரஷ்யா என்பதும் ஒன்றுதான். முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்த நானும் வகுப்பில் ‘ரஷ்யா’ என்றே சொல்லி வந்தேன்.

போன வருடம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வங்கதேசப் போர் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் முன் தப்பாக எதையும் சொல்லிவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்துக் குறிப்பெடுத்தேன். அந்த டிசம்பரில் நியூயார்க்கில் சோவியத் தூதராக இருந்து வீட்டோவுக்குக் கை தூக்கியவர் யாக்கோவ் மாலிக். அவர் எங்கே பிறந்தார் என்று பார்த்தேன். கார்கிவ் வட்டாரத்தில் ஒரு கிராமம். உக்ரைன்காரர். அந்த ஆகஸ்டில் இந்திராகாந்தியின் அரசோடு நட்பு ஒப்பந்தம் செய்துகொண்ட சோவியத்தின் தலைமையில் இருந்த பிரெஷ்னேவ் பிறந்ததும் உக்ரைனில்தான். பிறகு பொதுச்சபையில் எதிர்த்து வாக்களித்த பதினொரு பெயர்களையும் வரிசையாகப் படித்தேன். இந்தியா, பூட்டான், சோவியத் யூனியன், போலந்து, ஹங்கேரி... அந்த வரிசையில் உக்ரைன் தனிப் பெயராகவே இருக்கிறது. 1945இல் ஐ.நா. தொடங்கிய நாளிலிருந்தே சோவியத் யூனியனுக்குள் ஒரு குடியரசாக இருந்த உக்ரைனுக்குத் தனி நாற்காலி இருந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அதை ஒருநாளும் 1971ஓடு சேர்த்து யோசித்ததில்லை.

அன்று உக்ரைன் தன்னிச்சையாக வாக்களித்தது என்று நான் சொல்லவில்லை. மாஸ்கோ சொன்னபடிதான் கை உயர்ந்திருக்கும். ஆனாலும் நாம் பட்டது சோவியத்துக்கு நன்றிக்கடன் என்றால் அதில் கீவுக்கும் கார்கிவுக்கும் பங்கு உண்டு. போலந்துக்கும் உண்டு. அந்தக் கடனை முழுவதும் மாஸ்கோவின் பெயரில் எழுதி வைத்துக்கொண்டு, அதைக் காட்டி உன் வாயை அடைத்தேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கார்கிவ் என்ற பெயர் எனக்கு வெறும் வரைபடப் புள்ளியாக இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் அங்கேதான் மருத்துவம் படித்தாள். சிறுமியாக இருந்தபோது என்னிடம் டியூஷனுக்கு வந்தவள். ரஷ்ய எல்லை அங்கிருந்து 40 கிலோமீட்டருக்குள். ஊரில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவதும் ரஷ்ய மொழிதான். ரஷ்ய மொழி பேசுகிறவர்களைக் காக்கத்தான் படை அனுப்பினேன் என்றவர்கள், அந்த மொழி பேசுகிற ஊரின் மீதுதான் முதல் வாரமே குண்டு போட்டார்கள். மார்ச் 1 காலையில் நகரின் நடுவே இருந்த அரசு அலுவலகக் கட்டடத்தின் மீது ஏவுகணை விழுந்தது. நம் கர்நாடகத்து மாணவர் ஒருவர் அங்கே உயிரிழந்ததும் அன்றைக்குத்தான்.

அவள் ஆறு இரவுகள் மெட்ரோ சுரங்க நிலையத்தில் படுத்திருக்கிறாள். விடுதியைப் பார்த்துக்கொண்ட வயதான அம்மாள் ஒருவர் தன் கம்பளிச் சால்வையை இவளுக்குப் போர்த்திவிட்டு, வீட்டிலிருந்து எடுத்து வந்த வெள்ளரி ஊறுகாய் ஜாடியைத் திறந்து, சுற்றியிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தாராம். மார்ச் 2 அன்று, மாலை 6 மணிக்குள் எப்படியாவது கார்கிவை விட்டு வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது போங்கள் என்று நம் தூதரகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. பக்கத்து ஊரான பிசோச்சின் 11 கிலோமீட்டர். பனியில் நடந்திருக்கிறாள். பாதி வழியில் பூட்ஸின் அடிப்பாகம் பிய்ந்துவிட, செல்போன் சார்ஜர் வயரால் சுற்றிக் கட்டிக்கொண்டு நடந்தாளாம். அந்தப் பூட்ஸை அவள் அம்மா இன்னும் தூக்கிப் போடவில்லை. பின்கட்டில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், வயர் சுற்றியபடியே இருக்கிறது.

அதே மார்ச் 2இல்தான் நியூயார்க்கில் பொதுச்சபை கூடி, ரஷ்யா வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்தை 141 நாடுகளின் ஆதரவோடு நிறைவேற்றியது. எதிர்த்தவை ஐந்தே நாடுகள்: ரஷ்யா, பெலாரஸ், வடகொரியா, சிரியா, எரித்ரியா. ஒதுங்கியவை 35. அந்த முப்பத்தைந்தில் நாமும் இருந்தோம். இருபத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நம் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டியிருந்தபோது இரண்டு பக்கமும் பேச முடிகிற நிலையில் அரசு இருந்தது நல்லது என்றுதான் அன்று நினைத்தேன். அதை மட்டும் இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகள் எல்லாரும் வீடு வந்து சேர்ந்த பிறகும் மூன்று வருடங்கள் அதே மௌனம் தொடர்ந்ததே? 2022 செப்டம்பரில் சமர்கண்டில் நம் பிரதமர் புதினை நேருக்கு நேர் பார்த்து, இது போருக்கான காலம் அல்ல என்றார். நல்ல வார்த்தை. அந்த வார்த்தையைப் பொதுச்சபையில் வாக்காக நாம் மாற்றவே இல்லை. போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பிறகு அது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டியது.

அந்த வாக்குப் பட்டியலை மறுபடி பார்த்தபோது நம் அக்கம்பக்கம்தான் என்னை யோசிக்க வைத்தது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை ஒதுங்கின. நேபாளம், பூட்டான், மாலத்தீவு மூன்றும் தீர்மானத்தை ஆதரித்தன. பெரிய அண்டை வீட்டுக்காரனுக்குப் பக்கத்தில் குடியிருப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெரிய வீடு பெரும்பாலும் நம்முடையது என்பதால் நமக்கு அது உறைப்பதில்லை.

நீ பத்திரப்படுத்தி அனுப்பிய, உங்கள் சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் உரையின் நறுக்கை மூன்று முறை படித்தேன். 2022 பிப்ரவரி 28 அன்று உங்கள் நாடாளுமன்றத்தில் அவர் சொன்னதன் சாரம், வலுத்தவன் வைத்ததே சட்டம் என்று உலகம் ஆகிவிட்டால் சிறிய நாடுகள் பிழைக்க முடியாது என்பது. என் மனம் இளகியது அதனால் மட்டும் அல்ல. 1983இல் அமெரிக்கா கரீபியன் தீவு நாடான கிரெனடாவுக்குள் புகுந்தபோதும் சிங்கப்பூர் அதற்கு எதிராகத்தான் வாக்களித்தது என்று அவர் நினைவுபடுத்தினாரே, அங்கேதான். உன்னிடம் நான் அன்று கேட்ட கேள்வி அதுதான் அல்லவா? 2003இல் ஈராக்குக்குள் நுழைந்தபோது அமெரிக்காவின் வங்கிகளை யார் முடக்கினார்கள் என்று? இப்போது ரஷ்ய மத்திய வங்கியின் ஏறக்குறைய 300 பில்லியன் டாலரை முடக்கியவர்கள் அப்போது எங்கே போனார்கள் என்று? அந்தக் கேள்வி இன்னமும் நியாயமானதுதான். ஆனால் அதைக் கேட்கிற உரிமை, கிரெனடாவுக்கும் உக்ரைனுக்கும் ஒரே மாதிரி கை தூக்கியவனுக்குத்தான் உண்டு.

கென்யாவின் ஐ.நா. தூதர் மார்ட்டின் கிமானியும் அப்படித்தான் பேசினார். படை நுழைவதற்கு மூன்று நாள் முன்பு, பிப்ரவரி 21 இரவு. ஆப்பிரிக்காவின் எல்லைகளை நாங்கள் வரையவில்லை, லண்டனிலும் பாரிஸிலும் லிஸ்பனிலும் வரைந்தார்கள், எல்லைக்கு அந்தப்பக்கம் எங்கள் சொந்தபந்தங்கள் இருக்கிறார்கள், ஆனாலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளப் போர் தொடுக்கவில்லை என்றார். செத்துப்போன பேரரசுகளின் தணலை ஊதி மறுபடி எரியவிடாதீர்கள் என்ற பொருளில் அவர் சொன்னதை யூடியூபில் பலமுறை கேட்டிருக்கிறேன். குரலை உயர்த்தவே இல்லை. வல்லரசுகளின் பழைய மீறல்களையும் அதே மூச்சில் கண்டித்தார். அடிமைப்பட்ட நாட்டின் அனுபவத்திலிருந்து பேச வேண்டுமென்றால் இந்தியாவும் அப்படிப் பேசியிருக்கலாம். மௌண்ட்பேட்டன் காலத்தில் சில வாரங்களில் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டவர்கள் நாம்.

ஒதுங்கியவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக ஒதுங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கஜகஸ்தான் பயத்தால் ஒதுங்கியது. ஆனால் 2022 ஜூனில் பீட்டர்ஸ்பர்க் மேடையில் புதினுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டே, கிழக்கு உக்ரைனின் டொனெட்ஸ்க், லுகான்ஸ்க் பகுதிகளைத் தனி நாடுகளாக அங்கீகரிக்க மாட்டோம் என்று அதன் அதிபர் டோகாயெவ் சொன்னார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லையைப் பகிர்ந்துகொள்கிற பின்லாந்தோ, சோவியத் படை புகுந்த 1939 குளிர்காலத்தை மறக்காமல், ஒதுங்கி நிற்காமல் நேட்டோவில் சேர்ந்துவிட்டது.

ஐரோப்பா மீது எனக்கு இருக்கிற மனத்தாங்கல் முழுவதும் போகவில்லை. கார்கிவ் ரயில் நிலையத்தில் எங்கள் தெருப் பெண்ணைப் பெட்டியில் ஏறவிடாமல் தள்ளினார்கள். கறுப்பின மாணவர்களை எல்லையில் நிறுத்தி வைத்ததை ஆப்பிரிக்க ஒன்றியம் அறிக்கைவிட்டுக் கண்டித்தது. அதே சமயம் போலந்தின் ப்ஷெமிஷ்ல் ரயில் நிலையத்தில், கைக்குழந்தையோடு வரப்போகும் முன்பின் தெரியாத தாய்மாருக்காக, தள்ளுவண்டிகளை நடைமேடையில் வரிசையாக விட்டுப்போயிருந்த படத்தையும் பார்த்தேன். இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க எனக்கு மனமில்லை.

இந்த பிப்ரவரி 24 பொதுச்சபை வாக்கெடுப்பு உன்னைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் அதே கதிதான். உக்ரைனும் ஐரோப்பாவும் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 93 வாக்குகள்தான். எதிராக 18, ஒதுங்கியவை 65. எதிர்த்தவர்களில் ரஷ்யாவோடு அமெரிக்காவும். அன்றைக்கே பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தில் யார் படையெடுத்தார்கள் என்றே இல்லை. அது பத்து வாக்குகளில் நிறைவேறியது, ஐந்து ஐரோப்பிய நாடுகள் வாக்களிக்கவில்லை. நான்கு நாள் கழித்து வெள்ளை மாளிகையில் கேமராக்களுக்கு முன்னால் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியை நடத்திய விதத்தை நீயும் பார்த்திருப்பாய். 2025 மார்ச் முதல் வாரத்தில் உக்ரைனுக்கான அமெரிக்க ஆயுத உதவியும் உளவுத் தகவலும் நிறுத்தப்பட்டன. 1994இல் புடாபெஸ்டில், உலகிலேயே மூன்றாவது பெரிய அணு ஆயுதக் கையிருப்பை உக்ரைன் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தபோது, உன் எல்லையை மதிப்போம் என்று கையெழுத்துப் போட்ட மூவர் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன். முதலாமவர் படை நடத்துகிறார், இரண்டாமவர் வாக்கை மாற்றிவிட்டார். இந்தியா இந்த முறையும் ஒதுங்கித்தான் இருந்தது. எல்லாரும் நடுங்குகிற நேரத்தில் நாம் துணிந்து ஒரு வாக்கு போட்டிருந்தால் அதற்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் தெருப் பெண் ஜார்ஜியாவில் மீதிப் படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த நாட்டுக்குள்ளும் 2008இல் ரஷ்யப் படை புகுந்தது, இன்னும் ஐந்தில் ஒரு பங்கு நிலம் கையைவிட்டுப் போயே கிடக்கிறது. இப்போது இங்கே தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள். விடுதி அம்மாள் கார்கிவை விட்டுப் போகவில்லை. கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து இவளுக்குச் செய்தி அனுப்புகிறார். போன வாரம் அனுப்பிய செய்தியை இவள் என்னிடம் கொண்டுவந்து மொழிபெயர்த்துக் காட்டினாள். வெள்ளரி விதை ஊன்ற நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உன் அம்மாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, கடைசியில், உன் நாடு இந்த முறை எங்களுக்கு வாக்களித்ததா என்று கேட்டிருந்தார்.

என்ன பதில் எழுதட்டும் டீச்சர் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நான்கு நாள் ஆகிவிட்டது. நீயாக இருந்தால் என்ன எழுதியிருப்பாய்? கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மாலை போன் செய்.

அன்புடன்,
வசந்தா