நாயனம் பிறக்கும் ஊருக்கும் நிருபர் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவையாறு தியாகராஜர் ஆராதனை பற்றி ஆண்டுதோறும் நீங்கள் வெளியிடும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். யார் தொடங்கி வைத்தார்கள், பஞ்சரத்ன கீர்த்தனைகளை எத்தனை பேர் சேர்ந்து பாடினார்கள், யாருடைய கச்சேரிக்குக் கூட்டம் என்று எல்லாம் இருக்கும். அந்தப் பந்தலில் ஒலிக்கிற வாத்தியங்கள் எங்கே, யார் கையால் உருவானவை என்று மட்டும் ஒரு வரி வராது. அவற்றில் முக்கியமானவை காவிரிக் கரையிலேயே செய்யப்படுபவை.

விழா நாயனத்தின், அதாவது நாகஸ்வரத்தின், மங்கல இசையோடுதான் தொடங்குகிறது. அந்த நாயனத்தின் சொந்த ஊர், கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில் உள்ள நரசிங்கம்பேட்டை. புது மரம் இதற்கு ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, பல ஆண்டுகள் காய்ந்து இறுகிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி, கடைந்து, துளையிடுகிறார்கள். கீழே விரியும் அணசுக்கு வாகை. துளை கொஞ்சம் விலகினாலும் சுருதி போய்விடும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த பாரி நாயனத்தைச் செய்துகொடுத்தவர் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி. பாரி, அதுவரை வழக்கத்தில் இருந்த திமிரி என்ற நாயனத்தைவிட நீளமானது, சுருதி தாழ்ந்தது. இன்று கச்சேரிகளில் நாம் கேட்பது பெரும்பாலும் பாரிதான். ஒரு வித்வானும் ஒரு ஆசாரியும் சேர்ந்து ஒரு வாத்தியத்தின் குரலையே மாற்றிய கதை இது. அரைப் பக்கம் எழுதலாமே!

பக்கத்திலேயே திருவாவடுதுறை. ஆற்றங்கரையில் வளரும் நாணலை அறுத்துப் பதப்படுத்தி, நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைக் கட்டுகிறார்கள். சீவாளி சரியில்லை என்றால் எப்பேர்ப்பட்ட வித்வானாலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் தஞ்சாவூர் வீணை. பலா மரத்தில் குடைந்து, தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்கிற 24 மெட்டுகளை மெழுகில் பதித்து, ஒவ்வொன்றையும் காதால் கேட்டே சரிபார்க்கிறார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-லும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-லும் புவிசார் குறியீடு கிடைத்தது.

இவர்களைப் பற்றி எப்போதாவது எழுதினாலும் 'அழிந்து வரும் கலை' என்றுதான் தலைப்பு வைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. செய்கிற குடும்பங்கள் குறைவு, மரம் கிடைப்பது கஷ்டம், எல்லாம் உண்மை. ஆனால் கோயிலும் கல்யாணமும் உள்ளவரை நாயனத்துக்குத் தேவை இருக்கிறது. வீணை படிக்கும் பிள்ளைகள் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். வேலையும் கிராக்கியும் உள்ள தொழிலைப் பார்த்து இரங்கல் எழுதினால், ஆசாரி வீட்டுப் பையன் எந்த நம்பிக்கையில் உளியைப் பிடிப்பான்?

விழாவை நடத்தும் சபையினருக்கும் ஒரு வேண்டுகோள். பந்தலின் ஓரத்தில் வாத்தியம் செய்கிறவர்கள் உட்கார்ந்து வேலை செய்ய ஒரு கொட்டகை போட்டுக் கொடுங்கள். கச்சேரி கேட்க வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், ஆர்டரும் கொடுப்பார்கள். தங்கள் பத்திரிகையும் அடுத்த ஆராதனைக்கு நிருபரை இரண்டு நாள் முன்னதாக அனுப்பி, செய்தியை நரசிங்கம்பேட்டைப் பட்டறையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணம் வாசகர்