ஆண்டுக் கையேட்டின் படிவம்: வானொலி நிலைய நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உலக வானொலி நிலையங்களைத் தொகுக்கும் ஆண்டுக் கையேட்டிலிருந்து விவரம் கேட்டு வரும் படிவம் உங்கள் அலுவலகத்தில் எந்த மேசையில் கிடக்கிறது என்று தேடிப் பாருங்கள். "எல்லாம் எங்கள் இணையதளத்திலேயே இருக்கிறதே" என்பது வழக்கமான சமாதானம். அறிவிப்பாளர்களின் படங்கள் இருக்கின்றன, சரி. டிரான்ஸ்மிட்டர் எந்த ஊரில் நிற்கிறது, எத்தனை கிலோவாட், ஆன்டெனா எந்தத் திசை பார்த்தது என்பதெல்லாம் இருக்கிறதா?

கையேட்டில் ஒரு சிறு நிலையத்துக்குக் கிடைப்பது ஓரிரு வரிகள்தான். அவை போதும். நள்ளிரவில் மத்திய அலை 1130 கிலோஹெர்ட்ஸில் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியாவில் 1978 முதல் மத்திய அலை அலைவரிசைகளுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி; எண்கள் ஒன்பதின் மடங்காகவே வரும். அமெரிக்கக் கண்டங்களில் 10. 1130 ஒன்பதால் வகுபடாது. ஆகவே கையேட்டில் அமெரிக்கக் கண்டங்களின் பக்கங்களைத்தான் புரட்ட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். மிச்சத்தை மொழியும் நேரமும் சொல்லும், நீங்கள் கொடுத்த விவரம் சரியாக இருந்தால்.

நேரம் என்றதும் ஒன்று. படிவத்துக்காக உங்கள் நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றும்போது கிழமையையும் பாருங்கள். உங்கள் திங்கள் அதிகாலை அந்த நேரப்படி ஞாயிறு இரவாக இருக்கலாம். மணியை மாற்றிவிட்டுக் கிழமையை அப்படியே விட்டுவிட்டால், வாராந்திர நிகழ்ச்சியைத் தேடுகிறவர் ஒரு நாள் தாமதமாகக் காத்திருப்பார்.

சிற்றலை அட்டவணைகள் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று மாறுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை வரும் புத்தகம் பின்தங்கத்தான் செய்யும். ஆனால் இணையப் பக்கம் நேற்றையதை அழித்துவிட்டு இன்றையதை எழுதுகிறது. அச்சுப் பதிப்பு அந்தந்த ஆண்டை அப்படியே வைத்திருக்கிறது. நெதர்லாந்து வானொலியும் கனடாவின் சர்வதேச வானொலியும் 2012இல் சிற்றலையை விட்டுப் போயின. அவை எங்கிருந்து, எந்த அலைவரிசைகளில் ஒலித்தன என்று இன்று கேட்பவருக்குப் பழைய கையேடுகளே துணை.

1947 முதல் வரும் 'வேர்ல்ட் ரேடியோ டிவி ஹேண்ட்புக்' 2022 பதிப்போடு நிற்கும் என்று அதன் பதிப்பாளர்களே அறிவித்தார்கள். ஜெர்மனியில் ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டதால் தப்பியது. எப்போதும் அப்படி ஒருவர் வருவார் என்று இருந்துவிடாதீர்கள்.

படிவத்தை விளம்பரப் பிரிவிடம் தள்ளாமல் டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரிடம் கொடுங்கள். நிலையத்தை மூடுவதாக இருந்தாலும் கடைசி ஒலிபரப்பின் தேதியை எழுதி அனுப்பிவிட்டு மூடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிற்றலை நேயர்