பாலில்லாத காபி

அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள சரோஜா,

நீ அனுப்பிய காபித்தூளும் மிளகும் வந்து சேர்ந்தன. டப்பாவைத் திறந்ததுமே வீடெல்லாம் ஏற்காடு மணம். ஆனால் முதல் டம்ளரையே பாலில்லாமல் குடிக்க வேண்டியதாகிவிட்டது. மறுநாள் எனக்குக் கொலனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது. பதறாதே, சொல்கிறேன்.

அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தது உனக்குத் தெரியும். நிற்காமல் ரத்தம் பட்டுக்கொண்டிருந்ததை முதலில் பார்த்த டாக்டர், "இந்த வயசுல அப்படித்தாம்மா" என்று ஏழு மாதம் ஓட்டிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆபரேஷன் செய்தவர் வேறு ஆள். எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு எங்களை உட்கார வைத்தார். ஒரு சீட்டின் பின்பக்கம் குடும்பத்தையே வரைந்தார்: பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். புற்று வந்தவர்களைப் பேனாவால் அடைத்துக்கொண்டே வந்தார். அக்கா 47, கர்ப்பப்பை. அத்தை 44, அதுவும் கர்ப்பப்பை. அப்பா 51, பெருங்குடல்.

அப்பாவுக்குக் குடல்கட்டி, அத்தைக்குப் பொம்பளை வியாதி என்று தனித்தனியாக அழுதோமே, இரண்டும் ஒன்றுதானாம். லிஞ்ச் சிண்ட்ரோம் என்றார். செல் பெருகும்போது டிஎன்ஏவில் விழும் பிழைகளைத் திருத்தும் மரபணு பிறவியிலேயே பழுது. அதனால் குடல், கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றுக்கும் ஆபத்து கூடுகிறது. பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா வழியிலும் வரும் என்பதுதான் எனக்கு உறைத்தது. கர்ப்பப்பை என்றால் அம்மா வழியை மட்டும்தானே கேட்போம்! (கர்ப்பப்பை வாய்ப் புற்று வேறு கதை, அது பெரும்பாலும் வைரஸால் வருவது.)

1895-லேயே அமெரிக்காவில் ஒரு தையல்காரப் பெண், எங்கள் குடும்பத்தில் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் சாவார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று வார்தின் என்ற டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றில் போனாள். மரபணு அகப்பட 1993 ஆனது.

எனக்கும் ரத்தத்தில் அந்தப் பழுது இருக்கிறது. கொலனோஸ்கோபி ஒன்றுமில்லை, அதற்கு முந்தின ராத்திரிதான் கொடுமை. எலுமிச்சை வாசத்தில் உப்புத் தண்ணீர், ஜக்கு ஜக்காக. கக்கூஸ் கதவைச் சாத்தக்கூட நேரமில்லை. குடலில் உன் மிளகளவு ஒரு பாலிப், அதுதான் சின்னச் சதை வளர்ச்சி, இருந்ததாம், அப்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள். கெடுதல் இல்லை. இனி வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கூத்து உண்டு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரியப்பா ஐம்பதுக்குள் குடல் புற்றில்தானே போனார்? உன் அப்பா வழிப் பாட்டி எதில் போனார் என்று உன் பெரியம்மாவுக்குத்தான் தெரியும். அவருக்குக் காது கேட்கிற நாளாகப் பார்த்து விசாரித்து வை. ஞாயிற்றுக்கிழமை மேலே வருகிறேன்.

உன்,
மல்லிகா