கோடை மழைக்கு முன் எங்கள் சதுப்பு நிலத்தைக் காக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள், காய்கறி விவசாயிகள்,
எமரால்டு சுற்றுவட்டாரம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

பொருள்: சதுப்பு நிலத்தை வடிய விடுவதைத் தடுத்து, ஓடை நண்டுகளையும் அவற்றைத் தின்று வாழும் நீர்நாய்களையும் காக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்குக் கீழே, ஓடையை ஒட்டிப் புல் மண்டிய சதுப்பு நிலம் உள்ளது. பனிக்காலம் முழுக்க வளைக்குள் அடங்கிக் கிடக்கும் நண்டுகள், முதல் கோடை மழை விழுந்ததும் இரவில் வெளியே வருகின்றன. தாய் நண்டின் வயிற்று மடலுக்கடியில் குஞ்சுகள் மிளகு மிளகாக அப்பிக் கிடக்கும். கடல் நண்டின் குஞ்சுகளைப்போல இவை நீரில் மிதந்து வெகுதூரம் பரவுவதில்லை. முட்டையிலிருந்து முழு நண்டு உருவிலேயே வெளிவந்து, தாயோடு இருந்து, அதே ஓடையில் இறங்குகின்றன. ஓர் ஓடையில் நண்டு அற்றுப்போனால் வேறிடத்திலிருந்து எளிதில் வந்து சேராது.

இந்த நண்டுகளை நம்பித்தான் குறுநக நீர்நாய்கள் இங்கே இருக்கின்றன. கல்லுக்கடியில் விரலை விட்டுத் துழாவிப் பிடிக்கும். பாறைமேல் அவை போடும் எச்சத்தில் பெரும்பாலும் நண்டு ஓட்டுத் துண்டுகள்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. கழுத்தில் கருங்கோடுள்ள செங்கீரியும் நண்டு தேடி இதே கரைக்கு வரும்.

சென்ற ஆண்டு சதுப்பின் மேல்பகுதியில் பொக்லைன் வைத்து வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டார்கள். அங்கே மண் வெடித்து, வளைகள் காய்ந்து கிடக்கின்றன. மீதியிலும் அதுவே நடக்குமோ என்று அஞ்சுகிறோம். மருந்தடிக்கும் டேங்குகளை ஓடையிலேயே கழுவுவதும் தொடர்கிறது. மருந்தே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை, எங்கள் பிழைப்பும் தோட்டம்தான். ஆனால் பூச்சியைக் கொல்லும் மருந்து, பூச்சியைப் போலவே கணுக்காலி (கணுக்கள் கொண்ட கால்களுடைய உயிர்) வகையைச் சேர்ந்த நண்டையும் கொல்லும். அந்தத் தண்ணீரைத்தான் கீழே மாடுகளும் குடிக்கின்றன.

எனவே, இந்த நிலத்தை உடனே அளந்து எல்லைக்கல் நடவும், இங்கே பொக்லைனுக்கு அனுமதி தராதிருக்கவும், வெட்டிய வாய்க்காலை மழைக்கு முன்பே அடைக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். ஓடையை விட்டுத் தள்ளி டேங்க் கழுவ ஒரு தொட்டியைத் தோட்டக்கலைத் துறை கட்டித் தந்தால் விவசாயிகள் பயன்படுத்துவார்கள். இடம் தர நாங்கள் தயார். 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளின்கீழ் இச்சதுப்பை அறிவிக்கவும் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இடம்: எமரால்டு

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)