நேரில் வர முடியாதவர்களையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பேரணிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று தலைகளை எண்ணும்போது என்னைப் போன்றவர்கள் விட்டுப்போகிறோம். எனக்கு முடக்குவாதம். கொஞ்ச நேரம் நின்றாலே முழங்கால் வீங்கிவிடும், அப்புறம் படுக்கைதான். விரல்கள் மடங்காத காலைகளில் செல்பேசியிடம் வாயால் சொல்லித்தான் மனு எழுதுகிறேன். அது தப்பாகப் புரிந்துகொண்ட சொற்களைத் திருத்துவதற்குள் கை ஓய்ந்துவிடும். இதைப் போய் 'சோம்பேறிப் போராட்டம்' என்று சிலர் சொல்வது மனதைச் சுடுகிறது.

2017 ஜனவரி 21 அன்று வாஷிங்டனில் பெண்கள் பேரணி நடந்தபோது, போக முடியாத மாற்றுத்திறனாளிகளும் நாள்பட்ட நோயாளிகளும் இணையத்தில் தங்கள் படத்தையும் கதையையும் பதிவுசெய்து பங்கெடுத்தார்கள். அரசியலில் பங்கேற்கும் உரிமையை ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 29-வது பிரிவே உறுதிசெய்கிறது.

போராட்டம் நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நேரலை கொடுங்கள், காது கேளாதவர்களுக்காகப் பேச்சை எழுத்திலும் ஓடவிடுங்கள். வர முடியாதவர்கள் அனுப்பும் வரிகளை மேடையில் வாசியுங்கள். பெயரை வெளியே சொல்லலாமா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயப்படுகிறவர்களும் எங்களில் உண்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகி