பைலட் எடுக்காமல் கேம் ஷோவை ஒளிபரப்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் புதிதாக வரும் கேம் ஷோக்களைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். தொகுப்பாளர் யார், செட் எவ்வளவு பெரிது, பரிசு எவ்வளவு, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று எல்லாம் இருந்தது. அந்த விளையாட்டை எப்படி ஆடுவார்கள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஒரு கிரிக்கெட் போட்டியைப் பற்றி எழுதும்போது மைதானத்து விளக்கையும் வர்ணனையாளரின் உடையையும் சொல்லிவிட்டு ஆட்டத்தை விட்டுவிடுவோமா?

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கேம் ஷோ என்றால் உயிர். புதிதாக எது வந்தாலும் முதல் எபிசோடைத் தவறவிட மாட்டேன், ஸ்கோரை ஒரு தாளில் எழுதிக்கொண்டே பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில் ஒன்றைக் கவனித்து வருகிறேன். இப்போது வரும் ஷோக்களில் பலவற்றில் முதல் எபிசோடிலேயே ஓட்டை தெரிகிறது. முதல் மூன்று சுற்றுக்கும் சேர்த்து இருநூறு புள்ளி, கடைசிச் சுற்றில் ஒரே கேள்விக்கு இருநூறு புள்ளி என்றால் அதுவரை நாற்பது நிமிடம் அவர்கள் ஆடியதற்கு என்ன அர்த்தம்? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மேதை தேவையில்லை, ஒரு தடவை முழுசாக ஆடிப் பார்த்திருந்தால் போதும். அப்படி ஆடிப் பார்ப்பதற்குப் பெயர்தான் பைலட். ஒளிபரப்புவதற்காக இல்லாமல், விளையாட்டு நிற்கிறதா விழுகிறதா என்று பார்ப்பதற்காகவே எடுக்கும் பதிவு. செலவையும் நாளையும் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைத் தவிர்க்கும் சேனல்களுக்காகவும், அதைக் கேட்காமல் விடும் விமர்சகர்களுக்காகவும்தான் இந்தக் கடிதம்.

அப்படி ஒரு பைலட் பதிவில் பார்வையாளராக உட்கார எனக்கு ஒருமுறை இடம் கிடைத்தது. எந்தச் சேனல், எந்த ஷோ என்று சொல்ல மாட்டேன், சொல்வதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாசலில் போனை வாங்கி உறையில் போட்டு ஒட்டினார்கள். உள்ளே போனால் செட் பாதிதான் முடிந்திருந்தது, பின்சுவரில் ஒரு பக்கம் வெறும் பிளைவுட். ஸ்கோர் போர்டு வேலை செய்யவில்லை, ஒரு பெண் அட்டையில் மார்க்கரால் எண் எழுதி எழுதி மாற்றிக்கொண்டிருந்தார். ஃப்ளோர் மேனேஜர் முதலில் எங்களை வெறுமனே கைதட்ட வைத்தார், அப்புறம் சிரிக்க வைத்தார், அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றமாக "ஆஆ" சொல்ல வைத்தார். இதெல்லாம் எதற்கு என்று முதலில் தோன்றியது, எடிட்டிங்கில் ஒட்டுவதற்கு என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

ஆட்டம் தொடங்கியது. மூன்று போட்டியாளர்கள். மூன்றாவது சுற்று முடியும்போது நடுவில் நின்ற கண்ணாடி போட்ட பெண்ணுக்கு 340 புள்ளி, மற்ற இருவருக்கும் 90, 70. கடைசிச் சுற்றில் எல்லாக் கேள்விக்கும் சரியாகச் சொன்னாலும் 200தான் கிடைக்கும். அதாவது அந்தப் பெண் வாயே திறக்காமல் நின்றாலும் ஜெயித்துவிடுவார். தொகுப்பாளர் பாவம், "இனிமேல்தான் எதுவும் நடக்கலாம்!" என்று கையில் இருந்த அட்டையில் இருந்ததைக் குரலை உயர்த்திப் படித்தார். எதுவும் நடக்காது என்று எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம், அதில் உயிர் இல்லை.

அங்கேதான் பதிவை நிறுத்தினார்கள். மேலே கண்ட்ரோல் ரூமிலிருந்து புரொடியூசர் இறங்கி வந்தார், கூடவே இன்னும் இரண்டு பேர். அந்த அட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தாளில் கணக்குப் போட்டார்கள், அழித்தார்கள், மறுபடி போட்டார்கள். ஏறக்குறைய நாற்பது நிமிடம். பிறகு வந்து கடைசிச் சுற்றுக்கு மட்டும் புது விதி சொன்னார்கள். புள்ளி இனிமேல் புள்ளி இல்லை, நேரம். எல்லோருக்கும் அறுபது வினாடி, அதற்கு மேல் பத்துப் புள்ளிக்கு ஒரு வினாடி வீதம் கூடுதல். ஆக அந்தப் பெண்ணுக்கு 94 வினாடி, மற்றவர்களுக்கு 69, 67. முறை வைத்துக் கேள்வி வரும், சரியான பதில் சொல்லும்வரை அவரவர் கடிகாரம் ஓடும், கடிகாரம் தீர்ந்தவர் வெளியே.

அதே மூன்று பேர், அதே பாதி செட். ஆனால் இந்த முறை அரங்கில் ஒரு சத்தம் இல்லை. முன்னால் இருந்தவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கண்ணாடி போட்ட பெண் ஒரே ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு இருபது வினாடிக்கு மேல் விட்டுவிட்டார், சேர்த்து வைத்த முன்னிலை அத்தனையும் கண் முன்னால் கரைகிறது, கடைசியில் தன் கடிகாரத்தில் மூன்று வினாடி மீதம் இருக்கும்போது ஜெயித்தார். யாரும் சொல்லாமலேயே எழுந்து நின்று தட்டினோம். பரிசு என்று ஒரு பைசாவும் கிடையாது, அது வெறும் ஒத்திகைப் பதிவு, அப்படியிருந்தும் அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். சில மாதம் கழித்து அந்த ஷோ ஒளிபரப்பானபோது அந்தப் புது விதிதான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும், அதனால்தான் இந்த விஷயத்தில் சும்மா இருக்க முடியவில்லை.

உலகம் முழுக்கப் புகழ்பெற்ற ஷோக்களை எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1975 ஜனவரியில் தொடங்கி இன்றுவரை ஓடும் 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' முதலில் 'ஷாப்பர்ஸ் பஜார்' என்ற பெயரில் 1973இல் பைலட்டாக எடுக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு பணம் என்று தீர்மானிக்கும் சக்கரம் சுவரில் மாட்டியதுபோல நிமிர்ந்து நின்றது. அந்த வடிவம் எடுபடவில்லை. அடுத்த வருடம் மறுபடி பைலட் எடுத்தார்கள், சக்கரத்தைப் படுக்க வைத்தார்கள், போட்டியாளர்கள் குனிந்து தங்கள் கையாலேயே சுற்றினார்கள். அந்த ஷோவின் உயிரே அதில்தானே இருக்கிறது, தன் அதிர்ஷ்டத்தைத் தானே தள்ளிவிடுவதில்! பழைய பைலட்டை இப்போது பார்க்கக் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு விளையாட்டு எப்படித் தேறுகிறது என்று புரியும்.

அமெரிக்க வினாடி வினா ஷோவான 'ஜெப்பர்டி' 1964இல் தொடங்கியபோது ஜெயித்தவர் தோற்றவர் எல்லோரும் அவரவர் சம்பாதித்த பணத்தை எடுத்துக்கொண்டு போகலாம். விளைவு, தனக்கு வேண்டிய தொகை சேர்ந்ததும் சிலர் பதில் சொல்ல அழுத்தும் பஸ்ஸரைத் தொடாமல் நின்றுவிட்டார்கள். 1984இல் மறுபடி வந்தபோது வெற்றி பெற்றவருக்கு மட்டும்தான் முழுப் பணம் என்று மாற்றினார்கள். ஆனால் அந்த 1984 வடிவத்திலும் ஒரு குறை இருந்தது. தொகுப்பாளர் படித்து முடிக்கும் முன்பே பஸ்ஸரை அழுத்தலாம். வீட்டில் இருப்பவர் பாதி வரியைக் கேட்பதற்குள் பதில் வந்துவிடும். அடுத்த வருடமே அதையும் மாற்றினார்கள், படித்து முடித்த பிறகுதான் அழுத்த வேண்டும் என்று. பைலட்டில் பிடிபடாத குறை ஒளிபரப்பில் பிடிபட்டது, திருத்திக்கொண்டார்கள். அந்த மனசு வேண்டும்.

திருத்திக்கொள்ளாமல் வேறு வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கு 'ட்வென்டி ஒன்' இருக்கிறது. அமெரிக்காவில் 1956இல் வந்த ஷோ. இரண்டு பேர் தனித்தனிக் கண்ணாடி அறைக்குள், ஒன்றிலிருந்து பதினொன்று வரை மதிப்புள்ள கேள்விகள், முதலில் இருபத்தொன்றை எட்ட வேண்டும். முதல் ஒளிபரப்பை நேர்மையாகத்தான் நடத்தினார்கள். போட்டியாளர்களுக்குப் பதில் தெரியவில்லை, திணறினார்கள், பார்க்கச் சகிக்கவில்லை, ஸ்பான்சர் கோபப்பட்டார். விதியை மாற்றியிருக்கலாம், கேள்வியை எளிதாக்கியிருக்கலாம். அதைச் செய்யாமல் யார் ஜெயிக்க வேண்டும், யார் எப்போது வியர்வையைத் துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். அதில் ஜெயித்து நாடே கொண்டாடிய போட்டியாளர் சார்லஸ் வான் டோரன் 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன்னால் உண்மையை ஒப்புக்கொண்டார், 1960இல் வினாடி வினாவில் மோசடி செய்வதைக் குற்றமாக்கும் சட்டமே வந்தது. தொடக்கம் என்ன? ஆடிப் பார்த்துச் சரிசெய்யாத ஒரு விளையாட்டு. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்த ஷோவின் அடிப்படை யோசனை மோசமே இல்லை.

இன்னொன்று. பைலட்டுக்கு எப்போதும் சொன்னபடி ஆடும் நல்ல பிள்ளைகளையே கூப்பிடுகிறார்கள். எமகாதகர்கள் இரண்டு பேரையாவது கூப்பிட வேண்டும். 1984இல் 'பிரஸ் யுவர் லக்' ஷோவுக்கு வந்த மைக்கேல் லார்சன், பலகையில் ஓடி, எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்தப் பரிசைத் தரும் விளக்கு ஐந்தே வரிசைமுறையில்தான் ஓடுகிறது என்பதை வீட்டில் வீடியோவில் பதிவு செய்து திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு வந்தார். 1,10,237 டாலர் ஜெயித்தார். விதியை அவர் மீறவே இல்லை, பரிசைக் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. அப்புறம்தான் வரிசைமுறைகளை அதிகமாக்கினார்கள். என்னைக் கேட்டால், முதல் பதிவுக்கு முன்னால் ஒரு அறையில் நான்கு பேரை உட்கார வைத்து "இந்த ஆட்டத்தில் எப்படி ஏமாற்றாமலேயே குறுக்கு வழியில் ஜெயிக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள்" என்று ஒரு நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

செட்டும் இசையும் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1998 செப்டம்பரில் பிரிட்டனில் தொடங்கி இந்தியா உட்பட உலகமே எடுத்துக்கொண்ட 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' ஷோவுக்கும் பைலட் எடுத்தார்கள், பார்த்தார்கள், இசை சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டுக் இசையமைப்பாளர் கீத் ஸ்ட்ராச்சன், அவர் மகன் மேத்யூ இருவரையும் வைத்துப் புதிதாகப் போட்டார்கள். விளக்கையும் மாற்றினார்கள். ஆனால் அந்த இசை ஏன் நம்மைப் பதற வைக்கிறது? கேள்வியைப் பார்த்த பிறகும் "வேண்டாம், இருக்கிற பணத்தோடு போகிறேன்" என்று விலகலாம் என்ற ஒரே ஒரு விதியால்தான். தெரிந்தும் தெரியாமலும் தவிக்கிற அந்த நேரத்துக்குத்தான் அந்த இசை. விதி இல்லையென்றால் அது வெறும் சத்தம்.

எதிர்ப்பக்கம் 2013இல் வந்த 'மில்லியன் செகண்ட் குவிஸ்'. பத்து லட்சம் வினாடி, அதாவது பதினொன்றரை நாளுக்குக் கொஞ்சம் மேல், இடைவிடாமல் நடக்கும் போட்டி. யோசனை பிரமாதம். ஆனால் யார் எப்போது போட்டி நாற்காலியில் உட்காருகிறார், யாருடைய பணம் யாருக்குப் போகிறது என்று பார்ப்பவருக்குப் பிடிபடவில்லை, வீட்டிலிருந்து கூடவே ஆடுவதற்கான செயலி முதல் நாளே படுத்துவிட்டது. அந்த ஒரு தடவையோடு சரி.

இப்போது வருபவற்றில் நல்லதும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 2023இல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் போன 'த ஃப்ளோர்' ஷோவில் இருவர் மோதும்போது ஆளுக்கு 45 வினாடி, தெரியாவிட்டால் "பாஸ்" சொல்லலாம், ஆனால் சொன்னதும் மூன்று வினாடி வீணாகும். அந்த மூன்று வினாடி இருக்கிறதே, அதை யாரோ பல தடவை ஆடிப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். ஒரு வினாடி என்றால் எல்லாவற்றுக்கும் பாஸ் சொல்வார்கள், பத்து என்றால் யாருமே சொல்ல மாட்டார்கள். 2022இல் வந்த 'த ஒன் பர்சென்ட் கிளப்' அதைவிட எளிது. நூறு பேரில் தொண்ணூறு பேருக்குத் தெரிந்த கேள்வியில் தொடங்கி ஒருவருக்கு மட்டும் தெரிகிற கேள்வியில் முடிகிறது. பொது அறிவு தேவையில்லை, யோசித்தால் போதும். வீட்டில் சின்னப் பிள்ளை பெரியவர்களை ஜெயிக்கிறது.

ஆகவே சேனல்களிடம் நான் கேட்பது, பைலட் எடுங்கள், ஒன்று போதாது என்றால் இரண்டு எடுங்கள், பார்க்க வந்தவர்களிடம் "தொகுப்பாளரைப் பிடித்ததா" என்று மட்டும் கேட்காமல் "எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது" என்று கேளுங்கள். நான் போன அன்று கொடுத்த தாளில் ஏழு கேள்வி இருந்தது, ஆட்டத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை, பின்பக்கத்தில் நானாகத்தான் எழுதிக் கொடுத்தேன். உங்கள் பத்திரிகைக்கு என் வேண்டுகோள், அடுத்த முறை புதிய ஷோவைப் பற்றி எழுதும்போது விதியை நான்கு வரியில் சொல்லுங்கள், கடைசிச் சுற்றுக்கு முன்னால் எல்லோருக்கும் இன்னும் ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள், முதல் எபிசோடை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாமல் நான்கைந்து எபிசோட் பொறுங்கள்.

இன்னொரு பைலட் பதிவுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். இடம் கிடைத்தால் போனை வாங்கிக்கொள்வார்கள் என்பதால் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துப் போவேன். வெளியே சொல்வதற்கு இல்லை, ஸ்கோர் எழுதுவதற்கு. யாராவது இறங்கி வந்து கேட்டால் எந்தச் சுற்றில் ஆட்டம் முடிந்துபோனது என்று காட்ட முடியும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்