ஆலங்காயம் பால்கார அண்ணனுக்கும் மலை மேல் இருந்தவர்களுக்கும்

உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது, அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். போன ஐப்பசியில் வேலூரிலிருந்து ஊட்டிக்கு சைக்கிளில் கிளம்பினேன். முதல் நாள் வாணியம்பாடி வரை. நெடுஞ்சாலையில் போனால் 70 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் லாரிகளுக்கு நடுவே ஓட்ட மனசில்லாமல் கணியம்பாடி, அமிர்தி வழியாக ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர், காவலூர் என்று சுற்றிக்கொண்டு போனேன்.

கணியம்பாடி தாண்டி நெல், அப்புறம் நிலக்கடலை, அமிர்தி வந்ததும் காடு. மழைக்கு நாகநதியில் தண்ணீர் ஓடியது. வறண்டு கிடந்த ஆறு அது. மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் நீர்செறிவுக் கிணறு தோண்டி அதை மீட்கப் பாடுபட்ட எங்கள் பக்கத்துப் பெண்களுக்கும் என் நன்றி.

மலை ஏற்றத்தில் கியரை மாற்றும்போது பின்பக்கக் கியர் அப்படியே முறிந்து ஸ்போக்ஸ் கம்பிக்குள் சிக்கிக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே நடந்தேன். ரோட்டிலேயே சாமையைக் காயவைத்துத் துழாவிக்கொண்டிருந்த அம்மா, "இன்னா கண்ணு, மலைமேல சைக்கிளா?" என்று கேட்டீர்கள், பதில் சொல்வதற்குள் சொம்பு நிறைய சாமைக் கஞ்சி, கூடவே பச்சை மிளகாய். நான் குடித்து முடிக்கும்வரை அந்த வழியாக வந்த வண்டியை எல்லாம் கைநீட்டி நிறுத்திக்கொண்டிருந்தீர்கள். மூன்றாவதாக நின்ற பிக்கப் ஓட்டுநர் அண்ணா, புளி மூட்டைகளுக்கு மேலே என் சைக்கிளை நீங்களே கட்டினீர்கள், காசு எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

ஜமுனாமரத்தூர் மெக்கானிக் தம்பிக்கு என்ன சொல்வது. "கியர் சைக்கிள் நான் பார்த்ததில்லண்ணா" என்று சொன்ன கையோடு பத்து நிமிஷம் அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். பிறகு உடைந்த பாகத்தைக் கழற்றிவிட்டு, செயினை வெட்டிச் சின்னதாக்கி, நடுப் பல்லில் நேராகப் போட்டு பின்னை அடித்தாய். எந்தக் கடையும் இதைவிட நன்றாகச் செய்திருக்காது. அந்த ஒரே பல்லில் ஊட்டி அடிவாரம் வரை ஓட்டினேன், செயின் ஒரு தடவைகூடக் கழலவில்லை.

காவலூர் வரும்போதே இருட்டிவிட்டது. டீக்கடைப் பையன் என் விளக்கைக் கீழே பார்த்துத் திருப்பிவைத்தான், வானத்துக்கு வெளிச்சம் போகக்கூடாதாம். 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வேலை செய்யும் ஊர், சின்னப் பிள்ளைக்கும் அந்த அக்கறை இருக்கிறது. ஆனால் இறக்கத்தில் பாதி வழியில் அந்த விளக்கும் அணைந்துவிட்டது, இரண்டு பக்கமும் மரம், ரோடு எங்கே வளைகிறது என்றே தெரியவில்லை.

அப்போதுதான் அண்ணா, உங்கள் டிவிஎஸ் எக்ஸெல் பின்னால் வந்தது. முந்திப் போய்விடுவீர்கள் என்று ஒதுங்கினேன். "போ தம்பி, நான் லைட் அடிக்கிறேன்" என்றீர்கள். ஆலங்காயம் வரை என் வேகத்துக்கே பின்னால் வந்தீர்கள், வளைவுக்கு வளைவு ஒரு ஹாரன் கொடுத்துக்கொண்டு. ஊருக்குள் முதல் தெருவிளக்கு வந்ததும் நான் காலை ஊன்றித் திரும்புவதற்குள் இடப்பக்கச் சந்தில் நுழைந்துவிட்டீர்கள்.

முகம் பார்க்கவில்லை. ஆலங்காயத்துக்காரர்கள் யாராவது படித்தால் அவரிடம் சொல்லுங்கள், நான் பத்திரமாக வீடு திரும்பிவிட்டேன் என்று. அடையாளம்: வண்டியில் இரண்டு பால்கேன், ஒன்றில் மூடிக்குப் பதிலாகப் பச்சைத் துணி கட்டியிருக்கும்.